குர்பான் கொழுப்பு: உருக்குவதும் உரியவருக்குச் சேர்ப்பதும்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இரண்டு மூன்று நாட்களில் எங்கள் ஒழுங்கையால் நடப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். குர்பான் இறைச்சி பங்கு பிரிந்து வீடு வீடாகப் போய்விடும். தோலுக்கு ஆள் வருவார். தலைக்கும் காலுக்கும் குடலுக்கும் கேட்பார் உண்டு. கொழுப்புக்கு மட்டும் ஒருவரும் இல்லை. அதை உரப்பையில் கட்டிக் கடற்கரை மணலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். இரவில் நாய் கிளறும், விடியக் காகம் கொத்தும். வாய்க்காலுக்குள் எறிந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

என்ட உம்மம்மா மௌத்தாகி முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. அவ இருந்த காலத்தில் எங்கள் வளவில் இந்த மணம் இருந்ததில்லை. மாடு அறுத்த அன்று அஸருக்குப் பிறகு குசினிக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவா. "கொழுப்பு என்ன புதைக்கிற சாமானா புள்ள? அதுவும் அறுத்த மாட்டுட பங்குதான்" என்பா. உருக்கி எடுத்ததைச் சாடிகளில் ஊற்றி வைத்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு வீட்டில் ஏதாவது ஒரு வேலைக்கு அது உதவிக்கொண்டே இருக்கும்.

நான் மனையியல் ஆசிரியையாக இருந்து இளைப்பாறியவள். கொழுப்பமிலம், கலோரி, உருகுநிலை என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். ஆனால் ஒரு கிலோ கொழுப்பைக் கையில் எடுத்து உருக்கிக் காட்டியதில்லை. இளைப்பாறிய பிறகுதான் உம்மம்மாவின் வேலையை நானே செய்து பார்த்தேன். செய்தபோது ஒரு பிழையும் விட்டேன். அந்தப் பிழையிலிருந்து கற்றதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

எந்தக் கொழுப்பு நல்லது?

மாட்டின் உடலில் கொழுப்பு முக்கியமாக மூன்று இடங்களில் இருக்கிறது. தோலுக்குக் கீழே படிந்திருப்பது ஒன்று. இறைச்சி நார்களுக்கு இடையில் ஓடுவது மற்றொன்று. வயிற்றுக்குள் குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றியிருப்பது மூன்றாவது. உருக்குவதற்குச் சிறந்தது சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கட்டிக் கொழுப்பு. அது கையால் பிசைந்தால் உதிரும். சவ்வும் இரத்தமும் குறைவு. உருக்கினால் வெள்ளையாகவும் இறுக்கமாகவும் உறையும். குடலை ஒட்டிய கொழுப்பில் வாடை கூட. அதைச் சமையலுக்கு எடுக்காமல் சவர்க்காரத்துக்கென்று புறம்பாக வைப்பது நல்லது.

பசு மாட்டின் கொழுப்பு இலேசான மஞ்சளாகவும் எருமைக் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்பும் வெள்ளையாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் நிறம் பழுதின் அடையாளமல்ல. புல்லில் உள்ள கரோட்டின் என்ற நிறப்பொருள் பசுவின் கொழுப்பில் போய்ச் சேர்கிறது. எருமையும் ஆடும் அந்தக் கரோட்டினைப் பெரும்பாலும் உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிவிடுகின்றன. எருமை நெய் வெள்ளையாகவும் பசு நெய் மஞ்சளாகவும் இருப்பதற்கும் காரணம் இதுதான்.

உருக்கும் முறை

கொழுப்பு புதிதாக இருக்க வேண்டும். அறுத்த அன்றே உருக்க ஏலாவிட்டால் குளிரூட்டியில் வைத்து மறுநாள் எடுக்கலாம். வெயிலில் கிடந்து மணத்த கொழுப்பை எவ்வளவு காய்ச்சினாலும் அந்த மணம் போகாது.

முதலில் ஒட்டியிருக்கும் இறைச்சி, இரத்தக் கட்டி, தடித்த சவ்வு எல்லாவற்றையும் கத்தியால் நீக்க வேண்டும். பிறகு கடலை அளவில் சிறிதாக வெட்ட வேண்டும். துண்டு சிறிதானால் சூடு உள்ளே சீக்கிரம் போகும், கருகாமல் உருகும். ஒரு கிலோ கொழுப்புக்குக் கால் லீற்றர் தண்ணீரும் ஒரு தேக்கரண்டி உப்பும் சேர்த்து, அடி தடித்த சட்டியில் போட்டு மெல்லிய நெருப்பில் வைக்க வேண்டும்.

தண்ணீர் எதற்கு என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். சட்டிக்குள் தண்ணீர் இருக்கும்வரை சூடு அதற்கு மேல் அதிகம் ஏறாது. அதனால் உருகத் தொடங்கும் நேரத்தில் கொழுப்பு அடிப்பிடிக்காது. தண்ணீர் முழுவதும் ஆவியாகிப் போனதும்தான் சூடு ஏறத் தொடங்கும். அந்த இடத்தில்தான் கவனம் தேவை.

உம்மம்மாவிடம் வெப்பமானி இருக்கவில்லை. அவ காதால்தான் அளந்தா. "தண்ணி இரிக்கும் மட்டும் சட்டி கதைக்கும். கதை அடங்கினா இறக்கிப் போடு" என்பா. விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. கொழுப்புத் துண்டுக்குள் இருக்கும் நீர் ஆவியாகும்போதுதான் அந்தச் சலசலப்புக் கேட்கிறது. சத்தம் அடங்கி, நுரை குறைந்து, துண்டுகள் பொன்னிறமாகச் சுருங்கி அடியில் தங்கினால் நீர் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு கிலோவுக்கு ஒன்றரை மணித்தியாலம் அளவில் எடுக்கும்.

நெருப்பை அணைத்து, சற்று ஆறவிட்டு, மெல்லிய பருத்தித் துணியால் வடிக்க வேண்டும். போத்தல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு நீர் இருந்தாலும் பூஞ்சணம் பிடிக்க அது வழிவைக்கும். கட்டிக் கொழுப்பு ஒரு கிலோவில் எனக்கு முக்கால் கிலோ அளவில் தெளிந்த கொழுப்புக் கிடைத்தது. துணியில் மிஞ்சிய பொரிஞ்ச துண்டுகளை உப்பும் இடித்த மிளகாயும் போட்டுப் பிட்டுடன் சாப்பிடலாம். விருப்பமில்லாவிட்டால் கோழிக்குப் போடலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். உருகிய கொழுப்பு தீப்பிடித்தால் அதில் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி எரியும் கொழுப்பை நாலாபுறமும் வீசும். அடுப்பை அணைத்து, மூடியால் சட்டியை இறுக மூடிவிட வேண்டும். அடுத்தது, சட்டியைக் கழுவும் தண்ணீரை அப்படியே வடிகானில் ஊற்ற வேண்டாம். ஆறிய கொழுப்பு குழாய்க்குள் கல்லுப்போல உறையும். பழைய கடதாசியாலோ சாம்பலாலோ முதலில் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

குசினியில்

மாட்டுக் கொழுப்பு 40 பாகைக்கும் 45 பாகைக்கும் இடையில் உருகும். ஆட்டுக் கொழுப்புக்கு இன்னும் சற்றுக் கூடுதலான சூடு வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 பாகையிலேயே உருகிவிடும். நமது வாயின் சூடு 37 பாகை. ஆறிப்போன ஆட்டிறைச்சி ஆணம் மேல்வாயில் மெழுகுபோல ஒட்டுவதும், இறைச்சிச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்கள் சுடச்சுடப் பிளேன்டீ கேட்பதும் இந்தக் கணக்கால்தான். கொழுப்பில் சமைத்ததைச் சூட்டோடு சாப்பிட வேண்டும்.

ரொட்டி மாவுக்கு அரை இறாத்தலுக்கு ஒரு மேசைக்கரண்டி உருக்கிய கொழுப்புச் சேர்த்துப் பிசைந்தால் ரொட்டி மெதுமையாக இருக்கும். ரொட்டிக்கல்லில் துணியால் தேய்த்தால் ஒட்டாது. மரவள்ளிக்கிழங்கு பொரிக்கவும் இது நல்லது. காரணம், இந்தக் கொழுப்பில் கிட்டத்தட்டப் பாதி நிரம்பிய கொழுப்பமிலம். மீதியில் பெரும்பகுதி ஒலெயிக் அமிலம். சூட்டிலும் காற்றிலும் சீக்கிரம் கெட்டுப்போகும் வகை மிகக் குறைவு. சோயா, சூரியகாந்தி எண்ணெய்களில் அந்த வகைதான் அதிகம்.

சூட்டைத் தாங்கும் என்பதற்காக அளவில்லாமல் சாப்பிடலாம் என்று நான் சொல்லவில்லை. நிரம்பிய கொழுப்பிலிருந்து கிடைக்கும் சக்தி ஒரு நாளின் மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது 22 கிராம் அளவில் வரும். ஒரு மேசைக்கரண்டி மாட்டுக் கொழுப்பில் ஆறேழு கிராம் நிரம்பிய கொழுப்பு உண்டு. நாம் தேங்காய்ப்பால் ஊற்றாமல் ஆணம் வைக்காதவர்கள். அந்தக் கணக்கும் சேர்ந்துவிடும். இருதய வருத்தம், கொலஸ்திரோல் உள்ளவர்கள் வைத்தியரின் சொல்லைக் கேட்டு நடக்க வேண்டும். உம்மம்மா காலத்தில் கொழுப்பைச் சாப்பிட்டவர்கள் வயலுக்கும் சந்தைக்கும் நடந்தே போனவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வீட்டுத் தேவைகளில்

எங்கள் ஊர் கடற்காற்றில் கத்தி ஒரு கிழமை சும்மா கிடந்தால் துருப்பிடித்துவிடும். துருவுக்குக் காற்றும் ஈரமும் வேண்டும், உப்பு அதை விரைவாக்கும். கத்தி, மண்வெட்டி, தேங்காய்த் துருவலை ஆகியவற்றைக் காயத் துடைத்து மெல்லிதாகக் கொழுப்புப் பூசினால் ஈரம் இரும்பைத் தொடாது. கதவுப் பிணைச்சல் கிறீச்சிட்டாலும், மரப்பிடி வெடித்தாலும், தோல் வார் இறுகிப்போனாலும் இதுதான் மருந்து. குதிகால் வெடிப்புக்குச் சம அளவு தேங்காய் எண்ணெயுடன் கலந்து இரவில் பூசலாம். தோலின் ஈரம் போகாமல் அது மறைத்துக்கொள்கிறது.

இவை எல்லாவற்றையும்விட அதிகக் கொழுப்பைப் பயன்படுத்துவது சவர்க்காரம். கொழுப்பு என்பது கிளிசரோலுடன் மூன்று கொழுப்பமிலங்கள் சேர்ந்த ஒரு பொருள். எரிசோடா அந்தச் சேர்க்கையைப் பிரித்து, அமிலங்களைச் சவர்க்காரமாக்கி, கிளிசரோலை விடுவிக்கிறது. இதை ஆராய்ந்து விளக்கியவர் பிரான்ஸ் நாட்டு இரசாயனவியலாளர் செவ்ரோல். விலங்குக் கொழுப்புகள் பற்றிய அவருடைய நூல் 1823இல் வெளியானது.

மாட்டுக் கொழுப்பில் மட்டும் செய்தால் சவர்க்காரம் இறுக்கமாக இருக்கும், நுரை குறைவு. நம் நாட்டுத் தேங்காய் எண்ணெய் அந்தக் குறையைத் தீர்க்கும். நான் செய்யும் அளவு இது: கொழுப்பு 700 கிராம், தேங்காய் எண்ணெய் 300 கிராம், எரிசோடா 145 கிராம், தண்ணீர் 330 கிராம். இவற்றைக் கோப்பையால் அளக்காமல் தராசில் நிறுக்க வேண்டும். இந்தக் கணக்கில் இருபதில் ஒரு பங்கு எரிசோடா குறைத்தே வைத்திருக்கிறேன். அதனால் தோலைச் சுடும் காரம் மிஞ்சாது.

எரிசோடாவைத்தான் தண்ணீருக்குள் போட வேண்டும். எரிசோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிள்ளைகள் கிட்ட வரக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகாது. எரிசோடா அதை அரித்துவிடும். கரைசலும் உருகிய கொழுப்பும் கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கிய பின், கரைசலை மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். கூழ்போலத் தடித்ததும் அச்சில் ஊற்றி, மறுநாள் வெட்டி, நிழலில் நான்கு முதல் ஆறு கிழமை காயவிடுங்கள்.

உருகினால் அடையாளம் போய்விடும்

இறைச்சியைப் பார்த்தால் என்ன பிராணி என்று ஓரளவு சொல்லலாம். உருக்கி வடித்த கொழுப்பைப் பார்த்து அப்படிச் சொல்ல ஏலாது. 1857இல் வட இந்தியச் சிப்பாய்களின் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாக இருந்தது இந்தச் சந்தேகம்தான். பல்லால் கடித்துத் திறக்க வேண்டிய புதிய தோட்டா உறையில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு, இந்துச் சிப்பாய்களையும் முஸ்லிம் சிப்பாய்களையும் ஒன்றாகக் கலங்கவைத்தது. பிறகு 1869இல் மேஜ்-மூரியே என்ற பிரெஞ்சுக்காரர் வெண்ணெய்க்குப் பதிலாக மாட்டுக் கொழுப்பிலிருந்து மார்ஜரின் செய்தார். இன்று கடைகளில் இருப்பது பெரும்பாலும் தாவர எண்ணெயில் ஆனது. ஆனால் பிஸ்கட் முதல் பற்பசை வரை கொழுப்பிலிருந்து பிரிந்த பொருட்கள் கலந்திருக்கக் கூடும். அது எந்தப் பிராணியின் கொழுப்பு என்று நாம் கேட்பது வீண் சந்தேகமல்ல.

மார்க்கத்தில் கொழுப்புப் பற்றிய பேச்சு புதிதல்ல. செத்த பிராணியின் கொழுப்பைத் தோணிக்குப் பூசுகிறார்கள், தோலுக்குத் தடவுகிறார்கள், விளக்கெரிக்கிறார்கள்; அதை விற்கலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. கூடாது என்று மறுத்த அவர்கள், தமக்கு விலக்கப்பட்ட கொழுப்பை உருக்கி விற்று அதன் விலையைச் சாப்பிட்ட ஒரு முந்திய சமூகத்தைக் கண்டித்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்களின் இந்த அறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. விலக்கப்பட்டதை உருக்கிப் பெயரை மாற்றினால் அது ஆகுமானதாகிவிடாது என்பதே இதன் பாடம். விளக்குக்கும் தோணிக்கும் பயன்படுத்துவது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நெய்யில் எலி விழுந்தால் அதையும் அதைச் சுற்றியுள்ளதையும் எடுத்தெறிந்துவிட்டு மீதியை உண்ணலாம் என்ற மைமூனா (ரலி) அவர்களின் அறிவிப்பும் உண்டு. உறைந்த நிலையில் இருப்பதற்கே இது பொருந்தும் என்று நமது ஷாபிஈ மத்ஹப் நூல்கள் விளக்குகின்றன. நமது காலநிலையில் மாட்டுக் கொழுப்பு உறைந்தே இருக்கும்.

நான் விட்ட பிழை

இனி என் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் குர்பான் மாட்டின் கொழுப்பில் நாற்பது சவர்க்காரக் கட்டிகள் செய்தேன். பார்த்தவர்கள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள். செலவுக் காசாவது வரட்டும் என்று கட்டி நூறு ரூபாவுக்குக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

என் தம்பியின் மகன் மௌலவி. வீட்டுக்கு வந்தவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மாமி, இது கடைக் கொழுப்பா, குர்பான் கொழுப்பா?" என்று கேட்டார்.

"குர்பான் கொழுப்புத்தான் மன. புதைக்கிறத்த எடுத்தன். அதுல என்ன?"

"குர்பான் கொடுத்தவங்க அதில ஒண்டையும் விக்கேலா மாமி. இறைச்சி, தோல், கொழுப்பு எல்லாம் ஒண்டுதான்."

பிறகுதான் அவர் விளங்கப்படுத்தினார். அலீ (ரலி) அவர்களைக் குர்பான் ஒட்டகங்களுக்குப் பொறுப்பாக்கிய நபி (ஸல்) அவர்கள், இறைச்சியையும் தோலையும் மேல் விரிப்பையும் தர்மம் செய்யச் சொன்னார்கள். அறுத்தவருக்குக் கூலியாக அதிலிருந்து எதையும் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். கூலியாகவே கொடுக்க முடியாததை விலைக்குக் கொடுப்பது எப்படி?

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கொழுப்பைப் புதைப்பவர்களைக் குறைசொன்ன நானே அதை விற்றுக் காசாக்கியிருக்கிறேன். மறுநாள் கொப்பியைப் பார்த்து ஒவ்வொரு வீடாகப் போய்க் காசைத் திருப்பிக் கொடுத்தேன். "இது குர்பான் ஹதியா, காசு வேணாம்" என்றேன். சிலர் வாங்க மறுத்தார்கள். "இது உங்கட காசுதான்" என்று கையில் வைத்துவிட்டு வந்தேன்.

மருமகன் இன்னொன்றையும் சொல்லியிருந்தார். குர்பானிலிருந்து ஏழைக்குத் தர்மமாகக் கொடுத்தது அந்த ஏழையின் சொத்தாகிவிடுகிறது. அவர் அதைச் சமைக்கலாம், சேமிக்கலாம், விற்கவும் செய்யலாம் என்பது ஷாபிஈ மத்ஹப் நூல்களில் உள்ள சட்டம். வசதியுள்ளவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததற்கு அந்த அனுமதி இல்லை. இதில் நுணுக்கங்கள் உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள்.

அந்தச் சொல்தான் எனக்கு வழியைத் திறந்தது. எங்களுக்கு இரண்டு வளவு தள்ளிக் கணவர் மௌத்தாகி இரண்டு பிள்ளைகளோடு ஒரு ராத்தா இருக்கிறா. அடுத்த பெருநாளுக்கு எங்கள் மாட்டின் கொழுப்பைச் சுத்தம் செய்து தர்மமாக அவவிடம் ஒப்படைத்தோம். எங்களோடு கூட்டாக மாடு அறுத்த மற்ற ஆறு பேரும் சம்மதித்தார்கள். உருக்கும் முறையையும் நிறுக்கும் கணக்கையும் நான் காட்டிக் கொடுத்தேன். சட்டிக்குப் பக்கத்தில் இருந்து, "கதை அடங்கினா இறக்கிப் போடுங்க ராத்தா" என்று உம்மம்மாவின் சொல்லைத்தான் சொன்னேன். சவர்க்காரம் காய்ந்த பிறகு விலை சொன்னதும் விற்றதும் அவதான். முதல் கட்டியைக் காசு கொடுத்து வாங்கியவள் நான்.

நாங்கள் எறிந்தது ஒரு வீட்டின் உழைப்பாக மாறியது. செலவு ஒரு சட்டி, ஒரு தராசு, ஒரு பின்னேரம். வரும் பெருநாளைக்கு இறைச்சிப் பங்கு கட்டும்போது கொழுப்பையும் ஒரு பங்காக எண்ணுங்கள். உருக்கத் தெரிந்தால் உருக்குங்கள். தெரியாவிட்டால், தெரிந்த ஏழை வீட்டுக்கு அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். மணலுக்குள் மட்டும் புதைக்காதீர்கள்.